ஒன்பது கிராம் உப்பு

அப்பாவுக்கு எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிர். 2011இல் மாரடைப்பு வந்து, எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ள வேண்டிய அளவில் பாதிதான் தள்ளுகிறது, நிறைந்த ரத்தத்தில் 30 சதவீதம்தான் வெளியேறுகிறது என்று சொன்ன அன்றைக்கே ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். நாளுக்கு அரை டீஸ்பூன் உப்பு, அதற்குமேல் கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதைச் சமையலறை காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன். அம்மா அவருக்கென்று தனிச் சட்டியில் சமைத்தாள். அப்பளம் கிடையாது, கருவாடு கிடையாது. நாங்கள் மோர்மிளகாயைக் கடிக்கும் சத்தம் கேட்டால் அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். சோடியம் உடம்பில் எப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

அந்த நான்தான் 2014 மே மாதம், ஒன்றரை நாளுக்குள், ஒன்பது கிராம் உப்பை அவருடைய ரத்தத்தில் நேராகக் கலந்தேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. கோயில் திருவிழாவில் எதையோ சாப்பிட்டு அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. வாந்தி இல்லை. கொடுத்தால் தண்ணீர் குடிப்பார். ஆனால் ஆள் துவண்டுபோய்த் திண்ணையில் சுருண்டு கிடந்தார். எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக வேலை பார்த்தவர். கூப்பிட்டால் சைக்கிளில் பையோடு வந்துவிடுவார். "குளுக்கோஸ் ஏத்திடலாம் சார், காலைல எழுந்து நடப்பாரு" என்றார். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கயிறு போட்டுக் கட்டினார். காற்று போக வேண்டுமென்று பாட்டிலின் மேல்பக்கத்தில் ஓர் ஊசியைக் குத்தி அப்படியே விட்டார். நுண்ணுயிர் நீக்கிச் சீல் வைத்து வந்த பாட்டிலுக்குள், எங்கள் வீட்டுக் கூடத்தின் காற்று அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு கலங்குகிறது. அன்றைக்கு, என்ன கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பாட்டில் ஏறினாலும் அதன் பெயர் குளுக்கோஸ்தான். அவர் ஏற்றியது நார்மல் சலைன், அதாவது உப்புத் தண்ணீர். லேபிளில் 0.9 சதவீதம் என்று போட்டிருந்ததை நான் படிக்கவும் செய்தேன். உண்மையான குளுக்கோஸ் பாட்டிலாகவே இருந்தாலும் தெம்புக் கதை பெரிதாக ஒன்றுமில்லை. 5 சதவீதக் கரைசல் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். இரண்டு இட்லி சாப்பிட்டால் வருகிற சக்திதான். ஏற்றியதும் ஆள் தெளிந்துவிடுகிறாரே என்பீர்கள். நீர் வற்றிப்போனவருக்கு நீர் போய்ச் சேர்ந்தால் தெளிவு வரத்தான் செய்யும். மற்றவர்களுக்கு, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததும், வீடே சுற்றி நின்று கவனித்ததும் செய்த வேலை அது என்பது என் கணிப்பு.

மறுநாளும் போக்கு முழுதாக நிற்கவில்லை. மாலை நாலு மணிக்குப் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நிதானமானவர். நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், பி.பி. பார்த்தார்.

"வாய் வழியா குடிக்கிறாருல்ல? அப்ப ஓ.ஆர்.எஸ். போதும் சார். ஹார்ட் பேஷண்ட் வேற. கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும்."

"ரொம்பத் தளந்துட்டாரு சார். ஒரு பாட்டில் போட்டு விட்டீங்கன்னா..."

"நேத்து எங்கயாவது ஏத்துனீங்களா?"

"இல்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கம்பவுண்டரிடம் காட்டினேன் என்று சொல்ல வெட்கம். படித்தவன், வாத்தியார் என்கிற கௌரவம். ஒரு வார்த்தைதானே என்கிற அலட்சியமும்தான். ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினேன். பாட்டில் போடாத டாக்டரிடம் அடுத்த தடவை யாரும் வர மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாதா? வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், "ஒண்ணே ஒண்ணு. நாலு மணி நேரம் ஆகும், சம்மதமா?" என்றார். தலையாட்டினேன்.

நர்ஸ் புறங்கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினார். அந்தக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. அரை லிட்டர் என்றால் 10,000 சொட்டு. நாலு மணி நேரத்துக்கு, நிமிடத்துக்கு 42. நானும் மனதில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன், கணக்கு ஒத்துப்போனதில் ஒரு சந்தோஷம் வேறு. "சக்கரத்தைத் தொடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டு இருபதுக்கு. நாலே முக்காலுக்கு ஆரம்பித்தது எட்டே முக்காலுக்குத்தான் முடியும். பாட்டிலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏழு மணி வரை பொறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஐந்தரைக்கே பொறுமை போய்விட்டது. குழாயின் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன வெள்ளைச் சக்கரம் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு மேலே போனது. சொட்டு சொட்டாக விழுந்தது நூலாக ஒழுகியது. அரை மணி நேரத்துக்குள் பாட்டில் சுருங்கி ஒட்டிக்கொண்டது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" நர்ஸ் கண்ணை விரித்தார்.

"நல்லா ஏறுச்சு சிஸ்டர்."

ஆறரை பஸ்ஸே கிடைத்துவிட்டது. ஜன்னலோர இருக்கை.

அன்று இரவு ஒன்றரை மணிக்கு அம்மா எழுப்பினாள். அப்பா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். "படுத்தா அடைக்குது" என்றார். அதற்குமேல் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வரவில்லை. மார்புக்குள்ளிருந்து உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம். இருமினார், துண்டில் இளஞ்சிவப்பாக நுரை. உடம்பெல்லாம் வேர்வை, கை மட்டும் சில்லென்றிருந்தது. 108க்கு அடித்தோம். வந்த பையன் அவரைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே ஆக்சிஜன் மாட்டிக் கொண்டுபோனான். படுக்கவைக்கலாமே என்று அப்போதும் நான் யோசனை சொன்னேன். அவன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நல்லவேளை.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி, முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க், ஈ.சி.ஜி. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "ரெண்டு நாள்ல ஃப்ளூயிட் ஏதாவது ஏத்துனீங்களா?"

"ஒரு பாட்டில் மேடம். நாலு மணி நேரமா மெதுவா ஏறுச்சு."

வரிக்கு இரண்டு பொய். ஒன்று எண்ணிக்கையில், ஒன்று நேரத்தில்.

அவர் அதை நம்பினார். நம்பியதால் கணக்கு அவருக்கு இடித்தது. நாலு மணி நேரத்தில் அரை லிட்டர் ஏறியதற்கு இவ்வளவு மூச்சுத்திணறலா? புதிதாக மாரடைப்பு வந்திருக்கலாம், இதய மருத்துவரை எழுப்ப வேண்டும், ஆஞ்சியோவுக்குத் தயார் செய்ய வேண்டும் என்று பேச்சு போயிற்று. நான் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொய்க்கு அவர்கள் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் பத்து நிமிடமாவது வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் அசிங்கமான இடம் அந்தப் பத்து நிமிடம்தான். சக்கரத்தைத் திருப்பியது அறியாமை என்று ஒப்பேற்றிவிடலாம். அங்கே நின்றது அறியாமை இல்லை.

கடைசியில் போய்ச் சொன்னேன். கம்பவுண்டரில் ஆரம்பித்து எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். விடிவதற்குள் சிறுநீர்ப் பை இரண்டு முறை நிறைந்தது. அப்பா மாஸ்க்கை விலக்கிக் காப்பி கேட்டார்.

மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில்தான் நான் அந்தக் கணக்கைப் போட்டேன். 100 மில்லியில் 0.9 கிராம். 500 மில்லியில் 4.5 கிராம். இரண்டு பாட்டிலுக்கு 9. கரைசலின் செறிவு என்று வருடா வருடம் கரும்பலகையில் போடும் கணக்கு. இதைத் தப்பாகப் போட்ட பையன்களை நான் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். நாளுக்கு அரை டீஸ்பூன், அதாவது மூன்று கிராம், என்று காலண்டரில் எழுதி மாட்டிய நான், மூன்று நாள் உப்பை ஒன்றரை நாளில் கொடுத்திருக்கிறேன். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை அரை மணி நேரத்தில். ஊறுகாய் என்றால் நாக்கு, வயிறு, குடல் என்று மூன்று சுங்கச்சாவடி தாண்டிப் போக வேண்டும். இடையில் தாகம் எடுக்கும், குமட்டும், உடம்பு தனக்கு வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு. நாளத்துக்குள் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த வைத்தியத்தின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

பிறகு அவசரப் பிரிவு டாக்டரே விளக்கினார். உப்புநீர் ஏறியதும் முழுவதும் ரத்தக் குழாயிலேயே நின்றுவிடாது. கால் பங்குபோல உள்ளே தங்கும், மீதி திசுக்களின் இடைவெளிக்குக் கசியும். நல்ல இதயமும் நல்ல சிறுநீரகமும் இருந்தால் அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும். அப்பாவின் இதயத்தின் இடப்பக்கத்தால் வந்ததை வந்த வேகத்தில் முன்னே தள்ள முடியவில்லை. பின்னால் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, காற்றறைகளுக்குள் நீர் கசிந்தது. படுத்ததும் கால்களில் இருந்த ரத்தமும் மேலே திரும்பிவர, பாரம் இன்னும் கூடியது. 42 சொட்டு என்பது அந்த நர்ஸ் வாய்க்கு வந்தபடி வைத்த எண் இல்லை. மாத்திரைக்கு 500 மில்லிகிராம் என்று அளவு போட்டிருப்பதுபோல, ஏறும் தண்ணீருக்கு வேகமும் ஓர் அளவு. நான் அப்பாவுக்கு அளவு மீறி மருந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

வார்டில் இருந்த ஐந்து நாளில் அங்கிருந்த சிஸ்டர் ஒருவரிடம் நான் மாணவனானேன். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். வென்ஃப்ளான் போட்ட இடத்தில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவார். ஒவ்வொரு ஊசி ஏற்றும் முன்பும் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, உலரும்வரை காத்திருப்பார். "ஈரத்தோட போட்டா துடைச்சும் பிரயோஜனமில்ல சார்." கை எரிகிறது, வலிக்கிறது என்று அப்பா சொன்னால் ஒரு தடவைக்கு மேல் சொல்லவிட மாட்டார், உடனே வந்து பார்ப்பார். மூன்றாம் நாள் நாளத்தின் மேலே சிவந்த கோடு ஒன்று தெரிந்ததும் அதைக் கழற்றி மறுகையில் போட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குக் கை பணியாரம்போல உப்பிவிட்டது. ஊசி நாளத்தை விட்டு விலகி, மருந்து சதைக்குள் போய்க்கொண்டிருந்தது. "காலைலேருந்தே வீங்குச்சு, இவங்கள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு இருந்தேன்" என்றார் அவர். சில மருந்துகள் அப்படி வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிப்போகும் என்று சிஸ்டர் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது.

நாம் பயப்படுவதெல்லாம் வேறு விஷயங்களுக்கு. குழாயில் கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று இறங்கினால் வார்டே அலறும். பாட்டில் முடிந்து குழாயில் ரத்தம் ஓரடி ஏறிவிட்டால், உடம்பு ரத்தமெல்லாம் உறிஞ்சிவிட்டது என்று கூச்சல். அவை கவனிக்க வேண்டியவைதான். ஆனால் சிஸ்டர் வந்து ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது சத்தமில்லாமல் இருக்கும். லேசிக்ஸில் அப்பாவுக்குப் பொட்டாசியம் இறங்கிப்போனது. ஏற்றுவதற்குக் கொண்டுவந்த ஆம்பியூல் சுண்டுவிரல் அளவுதான்: 10 மில்லி, அதில் ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடு. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அலமாரியில் சும்மா கிடக்கும் உப்பு. அதை அப்படியே நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அரை லிட்டரில் கலந்து, குலுக்கி, சிவப்பு லேபிள் ஒட்டி, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றினார்கள். பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டைப் படித்திருப்பார் போலும்.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்ற உணர்ச்சிக்கு வாத்தியார்கள் செய்துகொள்ளும் வைத்தியம் அது. 1832இல், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் காலரா பரவிக் கிடந்தபோது தாமஸ் லாட்டா என்ற மருத்துவர்தான் முதன்முதலில் உப்புக் கரைசலை நோயாளிகளின் நாளத்தில் ஏற்றிப் பார்த்தார். முதல் நோயாளி சாகக் கிடந்த ஒரு வயதான பெண். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டர் அளவுக்கு ஏற்றினார். குழிவிழுந்த கண்கள் மீண்டன, நாடி திரும்பியது, அந்தம்மா இனிச் சுகம் என்றே சொன்னார். லாட்டா நிம்மதியாகக் கிளம்பிப் போனார். போக்கு மறுபடி தொடங்கியது. ஐந்தரை மணி நேரத்தில் அந்தம்மா இறந்துபோனார். யாரும் பக்கத்தில் இருந்து இன்னும் ஏற்றவில்லை. என் அப்பாவுக்கு அதே அரை மணி நேரமும் அதே உப்புநீரும் எமனானது. ஆள் வேறு, நோய் வேறு, இழப்பு வேறு. உப்புநீர் மட்டும் பொது.

இன்னொன்றைப் படித்தபோது தூக்கமே போனது. 1971, வங்கதேசப் போர்க்காலம். மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும், தண்ணீர் பின்னாலேயே போகும், விஷயம் அவ்வளவுதான். காலராவுக்கே அது போதுமானதாக இருந்திருக்கிறது. திருவிழாச் சாப்பாட்டு வயிற்றுப்போக்குக்கு அப்பா திண்ணையில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்திருந்தால் தீர்ந்திருக்கும். கிளினிக் டாக்டரும் ஓ.ஆர்.எஸ். என்று அதைத்தான் சொன்னார்.

இதெல்லாம் சேர்ந்து என்னை டிரிப்ஸ் விரோதியாக்கிவிட்டது. அதுவும் தப்பு என்று 2017இல் தெரிந்தது. மகளுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, அப்பாடா என்றிருந்தோம். அன்றைக்குத்தான் வயிற்றுவலி, கை கால் சில்லிப்பு, விடாத வாந்தி. ரத்த நாளங்களிலிருந்து நீர் வெளியே கசிய, ரத்தம் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. அட்மிட் செய்து உடனே ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். "குடிக்க வெச்சுப் பாக்கலாமா சார்?" என்று நான் இழுத்தேன். அவர் பதில் சொல்லாமல் குழந்தையின் நகத்தை அழுத்திக் காட்டினார். வெளுத்த இடம் சிவக்க நேரமாயிற்று.

அவளுக்கு 30 கிலோ. முதலில் மணிக்கு 150 மில்லி, அப்புறம் ரத்தத்தை எடுத்துப் பார்த்து 120, மறுபடி பார்த்து 90 என்று குறைத்துக்கொண்டே வந்தார்கள். சக்கரம் இல்லை, பம்ப். எண்ணை அழுத்தினால் அதுவே அளந்து செலுத்தும், அடைத்தால் கத்தும். ஒன்றரை நாள் கழித்து டாக்டர் நிறுத்தச் சொன்னபோது என் மனைவிக்குக் கோபம். குழந்தை இன்னும் எழுந்து உட்காரவில்லை, பிளேட்லெட்டும் குறைவாகத்தான் இருக்கிறது, அதற்குள் ஏன் நிறுத்துகிறார்கள்? கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பி வரும், அப்போதும் ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிறைந்துவிடும் என்று நான் அவளுக்குச் சொன்னேன். "ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசறீங்க" என்றாள். நிறைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அப்பாவுக்கு வந்தது ஹார்ட் பிரச்சினை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு.

அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பியிருந்தேன். 2018 கார்த்திகையில் சளி கட்டி, நிமோனியா என்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிஸ்டர் 100 மில்லி பாட்டிலில் ஆன்டிபயாட்டிக் மாட்டி, ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கையக் கட்டிட்டு உக்காருடா" என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் கண்ண மூடியிருந்தேன். நீ சக்கரத்தத் திருப்புனது தெரிஞ்சிது."

எனக்குத் தொண்டை அடைத்தது. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"எனக்கும் வீட்டுக்குப் போவணும்னுதான் இருந்திச்சு. பஸ்ஸ விட்டா ஆட்டோக்காரன் முந்நூறு கேப்பான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் கைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, பாட்டிலுக்குக் கீழே இருந்த சின்னக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு சுற்று முடித்ததும் சொன்னார்:

"முப்பத்திமூணு. சரியாத்தான் வெச்சிருக்கு அந்தப் பொண்ணு."